முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருவண்ணாமலை, கடலூர், பெரம்பலூர் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வருவார்கள். முதல் மாதம் முடிந்ததும் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். "அம்மா, சொன்ன சம்பளம் வரலையே" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். அவர்களுக்கு அங்கே சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

1. ஆர்டரில் போட்டிருக்கும் சி.டி.சி. தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அதுதான் சம்பளம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கம்பெனி உங்கள் பேரில் கட்டும் பி.எஃப்., என்றோ வரப்போகும் கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். மொத்தச் சம்பளம் 18,000, அதில் பேசிக் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் பி.எஃப்.புக்குப் போகும். மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய், இ.எஸ்.ஐ.க்குப் போகும். கையில் வருவது 16,665. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் பிடிப்பார்கள். இந்தக் கணக்கை மாதாமாதம் ஸ்லிப்பைப் பார்த்து நீங்களே போடுங்கள். ஓவர்டைம் விட்டுப்போயிருந்தால் அந்த மாதமே கேட்டால் சரிசெய்துவிடலாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாகும்.

2. பி.எஃப். விஷயத்தைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். நீங்கள் 1,200 கட்டினால் கம்பெனியும் 1,200 கட்டவேண்டும். கம்பெனி கட்டுவதில் 833 ரூபாய் பென்ஷன் கணக்குக்கும், மீதி 367 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த ஒரே எண்தான். புதுக் கம்பெனியில் சேரும்போது "இதற்கு முன் பி.எஃப். உண்டா" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லி, பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிடுங்கள்.

வேலையை விட்டவுடன் அந்தப் பணத்தை எடுத்து போன் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. ஐந்து வருஷம் தொடர்ந்த சர்வீஸ் ஆகாமல் எடுத்தால் அந்தத் தொகை வருமான வரிக் கணக்கில் வரும். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருஷங்கள் போயே போய்விடும், மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயராகவே விரிந்து, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லாமல் என்று ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கும். பிறந்த தேதியும் சிலருக்கு மாறியிருக்கும். பணம் எடுக்கப் போகும் அன்றைக்குத்தான் இது தெரியவரும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். மாறியிருந்தால் ஊருக்குப் போகும் லீவில் திருத்திவிடுங்கள்.

நாமினியையும் அப்போதே பதியுங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது, புதிதாகப் போடவேண்டும். சர்வீஸில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் தொகை உண்டு. அதற்காக உங்களிடம் தனியாக எதுவும் பிடிப்பதில்லை. இந்த வயசில் இதையெல்லாம் பேசலாமா என்று வீட்டில் சொல்வார்கள். பேசத்தான் வேண்டும்.

3. சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, காய்ச்சல் வந்தால் தனியார் கிளினிக்கில் போய் உட்காராதீர்கள். எந்த டிஸ்பென்சரி உங்களுக்கு என்று முதல் வாரமே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பியிருக்கும் அப்பா, அம்மா பெயரையும் சேர்க்கலாம். அம்மாவின் சர்க்கரைக்கு மாதாமாதம் கடையில் கொடுக்கும் பணம் அப்படியே மிஞ்சும். உடம்பு சரியில்லாமல் நீண்ட நாள் படுத்தால், தகுதிக்கான நாட்கள் வேலை பார்த்திருக்கும் பட்சத்தில், வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். டாக்டர் சர்டிபிகேட் வாங்காமல் வீட்டிலேயே படுத்துவிட்டால் கிடைக்காது.

4. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான். வேலை தருகிறேன், முதலில் டெபாசிட் கட்டு என்பவன் வேலை தரமாட்டான்.

5. ரூம் எடுக்கும்போது அட்வான்ஸ் பற்றித் தெளிவாகப் பேசுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. சென்னையில் இன்னமும் அதற்கு மேல் கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் அக்ரிமென்ட் எழுதி, பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். நாலு பேர் சேர்ந்து எடுத்தால் நாலு பேர் பெயரும் அதில் இருக்கட்டும். குடிபோகும் அன்றே கரண்ட் மீட்டரின் ரீடிங்கையும், சுவர், குழாய், கதவு எப்படி இருக்கிறது என்பதையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது பெயின்டுக்கு இவ்வளவு பிடிப்போம் என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

6. வீட்டுக்குப் பணம் அனுப்புவது நம் பிள்ளைகள் கேட்டுச் செய்வதில்லை, தானாகச் செய்வது. அதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று உண்மையைச் சொல்லி, மாதம் இவ்வளவு அனுப்புவேன் என்று ஒரு தொகையை முடிவுசெய்து அனுப்புங்கள். கூட்டிச் சொல்லிவிட்டு, தங்கச்சி ஃபீஸுக்கும் அண்ணன் கடனுக்கும் இல்லையென்று சொல்ல முடியாமல் லோன் ஆப்பில் வாங்கி அனுப்பிய பையன்கள் உண்டு. அந்த ஆப்புகள் போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் கூப்பிட்டு மானத்தை வாங்கும். கிரெடிட் கார்டில் 'மினிமம்' மட்டும் கட்டுவதும் அதே குழிதான். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு நாற்பதைத் தாண்டும்.

இதைவிட அதிகம் குடும்பங்களைக் கெடுத்தது ஜாமீன் கையெழுத்து. "சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சி" என்று வருவார்கள். அவன் கட்டாவிட்டால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். நண்பனுக்காக உங்கள் பெயரில் பைக்கோ போனோ இ.எம்.ஐ.யில் எடுத்துக் கொடுப்பதும் இதேதான். முடிந்தால் கையிலிருக்கும் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து உதவுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள். சிநேகம் முறிந்தாலும் பரவாயில்லை என்று துணிந்து சொல்கிறேன்.

7. ஆன்லைனில் பணம் பறிபோனால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930க்கு அடியுங்கள். அதில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

8. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக. சூப்பர்வைசர் பேச்சிலோ கையிலோ எல்லை மீறினால், வேலை போய்விடுமே, வீட்டில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்களே என்று விழுங்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒரு பெண்ணைத் தலைவராகக் கொண்ட புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். ஆண் பிள்ளைகளே, பார்த்ததைக் கேட்டால் சொல்லுங்கள். உங்கள் வாய் மூடியிருந்தால் அந்தப் பெண் சொல்வது தனிச்சொல்லாகிவிடும்.

9. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

10. பொங்கலுக்கு ஊருக்குப் போய் அப்படியே நின்றுவிடும் வழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம். வேலை பிடிக்கவில்லையா, எழுதிக் கொடுத்து, ஆர்டரில் சொன்ன நோட்டீஸ் நாட்களை முடித்து, ரிலீவிங் லெட்டரையும் கணக்குத் தீர்த்த தாளையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். சொல்லாமல் நின்ற பிள்ளைகள் வருஷக் கணக்கில் கழித்து, அடுத்த கம்பெனி அனுபவச் சான்று கேட்கிறது என்று வருவார்கள். அவர்களைத் தெரிந்த மேலாளர் அதற்குள் மாறியிருப்பார். பி.எஃப். பதிவில் அவர்கள் வேலையை விட்ட தேதியே ஏறியிருக்காது.

இதில் எது புரியாவிட்டாலும் உங்கள் சம்பளப் பிரிவில் போய்க் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் வேலை, கேட்பது உங்கள் உரிமை. கடைசி மூன்று மாத ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.