உளநோய் மருத்துவமும் சித்தாந்த நெறியும்

இறைவன்பால் நம்பிக்கையுடையார் உளநோய்க்கு மருத்துவரை நாடுதல் தகுமோ? உளநூல் வல்லார் நோயாளரின் சமயத்தை எங்ஙனம் கருதல் வேண்டும்? இவ்விரு வினாக்களும் ஏட்டளவில் நிற்பனவல்ல.

2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் குமரி மாவட்டத்துக் குளச்சலும் அதனை அடுத்த கொட்டில்பாடும் பெருந்துயர் எய்தின. அக்கரையின் மீனவருட் பெரும்பாலார் கத்தோலிக்கர். எனினும் துயரம் சமயம் நோக்கி வருவதன்று. அப்பேரிடரின்பின் தமிழகத்தில் தொண்டாற்றிய பெங்களூர்த் தேசிய மனநல நரம்பறிவியல் நிறுவனத்தார், துயருற்றாரை மனந்திறந்து பேசவிடுதல், பொறுமையொடு செவிசாய்த்தல், சுற்றத்தார் துணை முதலியவற்றோடு சமய ஈடுபாட்டையும் ஆறுதல் முறைகளுள் ஒன்றாக வைத்தெண்ணினர். உளநூல் சமயத்திற்குப் பகையென்பார் இதனை நோக்குக.

இனி, சித்தாந்தம் கூறுவது யாது? ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனவும், அரசன் அமைச்சரொடு கூடி அரசு நடாத்துமாறுபோல அவற்றொடு கூடிநின்றே அறியும் எனவும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தால் உணர்கின்றோம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்பன மாயையின் காரியமாய கருவிகள். கண்ணைப் படலம் மறைத்தவழி மருத்துவனை நாடும் நாம், மனம் கலங்கியவழி நாடுதல் எவ்வாற்றான் இழுக்காம்? அமைச்சன் பிணியுறின் அரசன் இழிந்தவனாகான். ஆகலின் உளநோயாளரை இழித்துரைத்தல் சித்தாந்தம் அறியாதார் செயலே. மருத்துவம் கருவியைச் செப்பஞ்செய்யும். ஆணவமலத்தை நீக்குதலோ அருளின் செயல். இரண்டன் எல்லையும் வேறாகலின் முரணில்லை.

அற்றேல், பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டுமாகலின் மருந்து வீணன்றோ எனின், அன்று. பசியும் பிராரத்தமே, அதுபற்றி உணவை விலக்குவார் இலர். மருந்தும் மருத்துவனும் வந்து கூடுதலும் வினைவழியே நிகழ்வதாம். அன்றியும், மகவை இழந்த தாயொருத்தி ‘யான் யாது செய்தேன்’ என்று அலறுங்கால், ‘உன் வினை’ என்று விடையிறுத்தல் சாத்திரத்தைப் படைக்கலமாக்குதலாம். வினைக்கொள்கை நம் துயரை நாம் பொறுத்தற்கு உரியது. பிறர் துயரைப் புறக்கணித்தற்கு உரியதன்று.

திருநாவுக்கரசர் சூலை திருநீற்றாலன்றோ தீர்ந்தது எனின், அச்சூலை அவரை ஆட்கொள்ளுதற் பொருட்டு இறைவனே அருளியதெனப் பெரியபுராணம் கூறும். சிறப்பாக நிகழ்ந்த அருட்செயலைப் பொதுவிதியாக்கி மருந்தை மறுத்தல் பொருந்தாது.

மறுத்தலால் விளையுங் கேட்டிற்கு 2001-ஆம் ஆண்டு ஆகத்து 6-ஆம் நாள் ஏர்வாடியில் நிகழ்ந்தது சான்று. தர்காவை நாடி வந்த உளநோயாளரை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்ற, சங்கிலியாற் பிணிப்புண்டிருந்தமையின் தப்பவியலாது 28 பேர் மாண்டனர். எச்சமயத் தலத்திலாயினும் சங்கிலி வழிபாடாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதனை முற்றும் விலக்கியுள்ளது.

மற்றொருபால், தமிழகத்து முத்துசாமி கோயிலொன்றில் தங்கிய உளநோயாளர் 31 பேரை ஆராய்ந்தோர், நோய்க்குறிகள் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு தணிந்தமையை 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அங்கு மருந்தும் இல்லை. தனிச் சடங்கும் இல்லை. அச்சுறுத்தாத, அன்புடைய சூழலே துணைசெய்ததென அவர் கருதினர். ஆய்வு சிறிதாகலின் மருந்து வேண்டாவென்பது இதனாற் பெறப்படாது. கோயில் துணையாம் என்பதே பெறப்படும்.

உளநூலாரும் தம் எல்லையை உணர்தல் வேண்டும். பிராய்டு 1927-இல் வெளியிட்ட நூலிற் சமயத்தை மயக்கவுணர்வு என்றார். வில்லியம் சேம்சு 1902-இலேயே சமய அனுபவத்தை அதன் பயனால் மதிப்பிடுக என்றார். பின்னையது நடுவுநிலைமை உடைத்து. அடியார் கண்ணீரை நோயென்றல் ஒரு பிழை. நோயாளர் பிதற்றலை அருள்வாக்கென்றல் மறுபிழை.

ஆதலின் மடங்களிலும் கோயில்களிலும் உள்ளோர், உளங்கலங்கி வருவார்க்குத் திருநீறு அளிக்குங் கையாலேயே மருத்துவமனைக்கு வழியுங் காட்டுக. அதுவும் சிவத்தொண்டேயாம் என்பது எமது துணிபு.