பாலைவனத்தில் சூடேற்றும் குழாய்

கேள்வி: ராஜஸ்தான் பாலைவனத்தில் கச்சா எண்ணெய்க் குழாயை வழிநெடுகச் சூடேற்றுகிறார்களாமே, அடிக்கிற வெயில் போதாதா?

பதில்: போதாது. குழாய் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அதில் ஓடுவது பார்மர் மாவட்டத்து மங்களா எண்ணெய் வயலின் எண்ணெய்; அந்த எண்ணெயில் மெழுகு மிக அதிகம். ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே மெழுகுப் படிகங்கள் தோன்றத் தொடங்கும்.

சூடாக இருக்கும்வரை அது நியூட்டனின் பாகுத்தன்மை விதிக்கு அடங்கிய திரவம். மெல்லத் தள்ளினாலும் நகரும். ஆறிவிட்டால் படிகங்கள் வலைபோல் பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலை உடைக்கும் அளவு அழுத்தம் தராவிட்டால் எண்ணெய் அசையவே அசையாது. முதலில் குளிர்வது குழாய்ச் சுவர். அங்கே மெழுகு படிந்து வழி குறுகும். கெட்டியான திரவம் தனக்குள் கலக்காமல் அடுக்கடுக்காக ஓடுவதால் நடுவிலுள்ள சூடும் சுவரை எட்டுவது மெதுவாகத்தான். பம்ப் நின்று எண்ணெய் முழுவதும் உறைந்துவிட்டால் திரும்ப ஓட்டுவது பெரும்பாடு.

அதனால்தான் குஜராத் கடற்கரை நோக்கிச் செல்லும் சுமார் 670 கி.மீ. குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போட்டிருக்கிறார்கள். கூடவே அதை ஒட்டி ஒரு சிறு எஃகுக் குழல். அதற்குள் ஓடும் கேபிளில் மாறுமின்சாரம் போய், குழலின் உட்பரப்பு வழியாகவே திரும்புகிறது. அந்தப் பரப்பு சூடாகி எண்ணெய்க் குழாயையும் சூடாக்குகிறது. மிக அருமையான பொறியியல் இது!