பழைய மெயிலை லேப்டாப்பிலிருந்து எடுக்கும் முன்

தங்கச்சி, போன வாரம் போனில் கேட்டாயே, "அக்கா, வேலையை விட்டு மூணு மாசமாச்சு, ஆபீஸ் மெயில் இன்னும் என் லேப்டாப்பில் இருந்துகொண்டு பாஸ்வேர்டு கேட்கிறது. சித்தி வீட்டுத் தம்பியோட ஜிமெயிலும் அதிலேயே கிடக்கு. ரெண்டையும் டெலிட் பண்ணிடவா?" என்று. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்ததால் "எதையும் தொடாதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் 'டெலிட்' என்ற வார்த்தையை ஒதுக்கி வை. கணக்கை அழிப்பது வேறு, கம்ப்யூட்டரிலிருந்து அதை எடுப்பது வேறு. ஜிமெயில் கணக்கையே அழித்துவிட்டால் அந்த முகவரியில் பிறகு யாரும் புதிதாகக் கணக்குத் தொடங்க முடியாது. பேங்க், வருமான வரி, ரயில் டிக்கெட் என்று அந்த முகவரியைக் கொடுத்த இடமெல்லாம் அந்தரத்தில் நிற்கும். உனக்கு வேண்டியது 'ரிமூவ்'. அதைச் செய்தால் இந்த லேப்டாப்பிலிருந்து மட்டும் கணக்கு விலகும். மெயில் சர்வரில் அப்படியே இருக்கும், வேறு கருவியில் திறந்து பார்க்கலாம்.

ஆனால் மெயில் உண்மையிலேயே சர்வரில் இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்காதே. நான் ஒருமுறை அப்பாவின் கம்ப்யூட்டரில் அப்படிப் பார்க்காமல் செய்தேன். அவருடைய கணக்கு 'பாப்' முறையில் இருந்தது. மெயில் வந்ததும் கம்ப்யூட்டரில் இறங்கிவிடும், சர்வரில் தங்காது. கணக்கை எடுக்கும்போது 'மெசேஜ் டேட்டாவையும் நீக்கவா' என்று ஒரு கட்டம் வந்தது, டிக் போட்டேன். அத்தை சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்கு எழுதிய மெயில்கள் முழுவதும் போயின. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதைச் சோதிப்பது சுலபம். அதே மெயிலை பிரவுசரில் திறந்து, பழைய வருடங்களுக்குப் போய்ப் பார். எல்லாம் இருந்தால் பயமில்லை. பிரவுசரில் இல்லாத பழைய மெயில் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் முதலில் பிரதி எடு. பழைய அவுட்லுக்கில் 'ஃபைல்', 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட் எக்ஸ்போர்ட்' வழியாகப் போனால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் மெயில் விஷயத்தில் கம்பெனியின் கோப்புகளைத் தொடாதே, அவை உன்னுடையவை அல்ல. சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், பி.எஃப். விவரம் ஆகியவை உனக்கு வந்து சேர்ந்துவிட்டனவா என்று மட்டும் பார். ஃபார்ம் 16 நிதியாண்டு முடிந்த பிறகுதான் வரும். அதைப் பழைய முகவரிக்கு அனுப்பினால் உன் கைக்கு வராது. ஹெச்.ஆரிடம் சொந்த மெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறாயா?

இனி எடுக்கும் வேலை. ஆபீஸ் மெயிலுக்கு நீ முதலில் போக வேண்டிய இடம் அவுட்லுக் இல்லை, விண்டோஸ் செட்டிங்ஸ். அங்கே 'அக்கவுன்ட்ஸ்' உள்ளே 'ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்' என்று ஒன்று இருக்கும். முதல் நாள் சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் மெயிலைப் போட்டபோது, 'என் நிறுவனம் இந்தக் கருவியை நிர்வகிக்க அனுமதிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி டிக்கோடு வந்திருக்கும். அவசரத்தில் பெரும்பாலானவர்கள் ஓகே தட்டிவிடுகிறோம். அப்படித் தட்டியிருந்தால், அந்த ஆபீஸ் எப்படி அமைத்திருக்கிறதோ அதைப் பொறுத்து, உன் லேப்டாப்பின் பின் நம்பர் விதிகள் முதல் சில செட்டிங்ஸ் வரை அவர்கள் கட்டுப்பாட்டுக்குப் போயிருக்கலாம். முழுமையாகச் சேர்த்திருந்தால் தொலைவிலிருந்தே லேப்டாப்பில் இருப்பதை அழிக்கவும் முடியும். குழந்தையின் போட்டோவெல்லாம் அதில்தானே வைத்திருக்கிறாய்? அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து 'டிஸ்கனெக்ட்' கொடு. லேப்டாப்பைத் திறப்பதே அந்தக் கணக்கில்தான் என்றால் மட்டும் பொறு. நிர்வாகி உரிமையோடு வேறொரு பயனரை உருவாக்கி, அதன் வழியாக உள்ளே வந்த பிறகு டிஸ்கனெக்ட் செய்.

அடுத்து அதே 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் 'ஈமெயில் அண்ட் அக்கவுன்ட்ஸ்' பார். அங்கேயும் பெயர் இருந்தால் ரிமூவ். பிறகு அவுட்லுக். புதிய அவுட்லுக் என்றால் பல்சக்கரக் குறி, 'அக்கவுன்ட்ஸ்', 'மேனேஜ்', 'ரிமூவ்'. பழையது என்றால் 'ஃபைல்' உள்ளே 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்'. விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. நீ இன்னும் அதைத் தேடிக்கொண்டிருந்தால் விட்டுவிடு.

தம்பியின் கணக்கில்தான் எனக்குக் கவலை. அவன் வாங்கி, இரண்டு வருடம் ஓட்டி, உனக்குக் கொடுத்த லேப்டாப் அது. அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் விண்டோஸை அமைத்திருந்தால், வட்டில் இருப்பதெல்லாம் பூட்டப்பட்டு, அந்தப் பூட்டின் 48 இலக்கச் சாவி அவன் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கலாம். அவன் கணக்கை நீ எடுத்த பிறகு, என்றைக்காவது ஒரு பெரிய அப்டேட்டோ ரிப்பேரோ ஆனதும் லேப்டாப் நீலத் திரையைக் காட்டி அந்தச் சாவியைக் கேட்டால் என்ன செய்வாய்? சாவி இல்லாமல் கடைக்காரராலும் உள்ளே இருப்பதை மீட்க முடியாது. தம்பியை அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 'டிவைசஸ்' பக்கத்தில் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ'யைப் பார்க்கச் சொல். நோட்டில் எழுதி, பீரோவில் வை. அந்த லேப்டாப்பிலேயே எழுதி வைக்காதே.

விண்டோஸில் அவன் தனிப் பயனராக இருந்தால், நீக்கும்போது அவன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் சேர்ந்தே அழியும். அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும், படித்துவிட்டுத் தட்டு. அவனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்.

இனி குரோம். வலது பக்க மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தட்டினால் யாருடைய கணக்கில் பிரவுசர் ஓடுகிறது என்று தெரியும். அது தம்பியுடையது என்றால் அந்த ப்ரொஃபைலை நீக்கு. புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு ஆகியவை இந்த லேப்டாப்பிலிருந்து போகும், அவன் ஜிமெயிலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இத்தனை நாள் நீ அவன் ப்ரொஃபைலில்தானே பேங்க் பக்கத்தைத் திறந்தாய்? 'பாஸ்வேர்டை சேமிக்கவா' என்று கேட்டதற்குச் சரி சொல்லியிருந்தால், சிங்க் ஓடிக்கொண்டிருந்த பட்சத்தில் உன் பேங்க் பாஸ்வேர்டு இப்போது அவன் கூகுள் கணக்கில் இருக்கிறது. அவன் போனிலும் அது தெரியும். தம்பி நல்லவன்தான். ஆனால் அந்தப் போன் நாளை யார் கையில் இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. ப்ரொஃபைலை நீக்கிய கையோடு பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடு. நீக்கினால் மட்டும் போதாது.

ஒன்டிரைவ் அவன் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், அதன் செட்டிங்ஸில் 'அன்லிங்க் திஸ் பிசி' கொடு. அதற்கு முன் உன் டெஸ்க்டாப் கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து, வெளியே நகலெடுத்து வை. இணைப்பை எடுத்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்து பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உன் லேப்டாப்பில் மட்டுமில்லை, வெளியே பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுவிட்டு ஜிமெயிலை மூடாமல் வந்துவிட்டாலும் அங்கே திரும்ப ஓட வேண்டாம். உன் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, 'செக்யூரிட்டி' பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பார். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அங்கிருந்தே 'சைன் அவுட்' கொடு.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கும் நேரத்தில் உட்கார். முதலில் தம்பிக்கு போன் போட்டு அந்த 48 இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள். அதற்கு முன் எதையும் ரிமூவ் செய்யாதே.