தலைஈத்துப் பசுவும் கன்றும்

ரேணிகுண்டா பக்கத்துக் கிராமங்களில் பசு வளர்க்கும் குடும்பங்கள் பல. கிடேரி முதல் முறை கன்று போடும் நாளுக்காக வீடே காத்திருக்கும்.

ஆனால், சில மாடுகள் கன்றை அண்ட விடுவதில்லை. உதைக்கின்றன, முட்டுகின்றன. "பொல்லாத மாடு" என்று சிலர் அடிக்கிறார்கள். அது தவறு. பால் குடிக்காத கன்று பிழைக்காது. கன்று இறந்தால் நாட்டு மாடு பல நேரம் பாலை அடக்கிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்தில் கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன் நிறுத்தினார்கள்.

ஏன் உதைக்கிறது?

தலைஈத்து மாட்டுக்கு எல்லாமே புதிது. மடி வீங்கி இறுகியிருக்கும். கன்று காம்பைப் பிடித்தால் வலிக்கும். கூட்டம், சத்தம், நாய் ஆகியவையும் அதை மிரட்டும்.

நக்க விட வேண்டும்

பசு கன்றை வாசனையால் அறிகிறது. நக்கும்போது அந்த வாசனை மனதில் பதிகிறது. எனவே கன்றின் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை மட்டும் துடைக்க வேண்டும். உடம்பைக் கழுவக் கூடாது. கன்றைத் தாயின் முகத்தருகே கிடத்த வேண்டும். பசு நக்காவிட்டால் கன்றின் முதுகில் தவிடும் சிறிது உப்பும் தூவலாம். ருசிக்காக நக்கத் தொடங்கும்.

முதல் பால் யாருக்கு?

"அத்தை, சீம்பாலைக் கறந்து ஜுன்னு செய்யட்டுமா?" என்று மருமகள் கேட்டாள்.

"முதலில் கன்று குடிக்கட்டும் அம்மா. மிஞ்சினால் நமக்கு" என்றாள் மாமியார்.

மாமியார் சொன்னது சரி. நோயைத் தடுக்கும் சக்தி கன்றுக்குச் சீம்பாலில்தான் கிடைக்கிறது. நேரம் ஆக ஆக, கன்றின் குடல் அந்தச் சக்தியை ஏற்பது குறைந்துவிடும். ஒரு நாள் கழிந்தால் ஏற்காது. எனவே பிறந்த 2 மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடிக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வேண்டும்.

உதைத்தால் என்ன செய்வது?

1. மாட்டுக்குப் பழகியவரே அருகில் போக வேண்டும்.
2. முன்னால் தீனி வைத்து, கயிற்றைக் குட்டையாகக் கட்ட வேண்டும்.
3. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மடியை ஒற்ற வேண்டும்.
4. ஒவ்வொரு காம்பிலும் சிறிது பால் பீச்சிவிட்டுக் கன்றை விட வேண்டும்.
5. கன்று குடித்து முடியும் வரை கூடவே நிற்க வேண்டும்.

நாளைக்கு நான்கைந்து முறை இப்படிச் செய்தால், பெரும்பாலான மாடுகள் சில நாளில் பழகிவிடும். அதுவரை கன்றைப் பட்டினி போடக் கூடாது. சீம்பாலைக் கறந்து, சுத்தமான பாட்டிலில் மெதுவாகப் புகட்ட வேண்டும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மடி சூடாகிச் சிவந்தாலும், பால் திரிந்து வந்தாலும், 12 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிட்டாலும் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கொடியைக் கையால் இழுக்கக் கூடாது.

பதில் சொல்லுங்கள்

1. பசு கன்றை எப்படி அறிகிறது?
2. கன்று எத்தனை மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும்?
3. உதைக்கும் மாட்டை ஏன் அடிக்கக் கூடாது?