வீட்டுத் தோட்டத்துப் பழமும் போத்தல் பயமும்

பழம் காய்க்கும் காலத்தில் விலை இருக்காது, விலை இருக்கும் காலத்தில் பழம் இருக்காது. தோட்டத்தில் நாலு அன்னாசிப் பாத்தியும் இரண்டு மாமரமும் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்த கதைதான். சந்தைக்குக் கொண்டுபோனால் கூலிக்கும் காணாது என்று அயலவருக்குக் கொடுத்து, மிஞ்சியதை மண்ணில் அழுக விடுகிறோம். அதே அன்னாசியைத் துண்டுகளாக்கிப் பாணியில் இட்டுப் போத்தலில் அடைத்து வைத்தால் மாதக் கணக்கில் இறாக்கையில் இருந்து விலை போகும். இது தெரிந்தும் நம்மவர்களில் பலர் இறங்காமலிருப்பதற்குக் காரணம் பயம்.

அண்மையில் கடைக்கு வந்த ஓர் இளைஞர், "நானா, அவிக்கிற நேரம் போத்தல் வெடிச்சிட்டா என்ன செய்யிற?" என்றுதான் முதலில் கேட்டார். "வெடிச்சா ஒரு போத்தல் நட்டம் தம்பி, வெடிக்காத போத்தலப் பத்தியும் கொஞ்சம் கேளுங்க" என்றேன். போத்தல் உடைவது கண்ணுக்குத் தெரியும் நட்டம். நன்றாக மூடி, பளபளவென்று நின்று, வாங்கியவர் வீட்டில் நோயைக் கொடுக்கும் போத்தல்தான் வியாபாரியின் பெயரை முடித்துவிடும். ஆரம்பிப்பவர் பயப்பட வேண்டியதுதான், ஆனால் சரியான இடத்தில் பயப்பட வேண்டும்.

அந்த இடம் பழத்தின் புளிப்பு. காற்றில்லாத போத்தலுக்குள் வளரக்கூடிய ஒரு கிருமி உண்டு. குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்பது அதன் பெயர். மண்ணில் எங்கும் இருப்பது. அதன் வித்திகள் கொதிநீரில் சாவதில்லை. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கும்: பார்வை இரட்டையாகும், நாக்குக் குழறும், மூச்சும் நின்று போகலாம். மணத்திலோ நிறத்திலோ அதைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் புளிப்பு இருக்கும் இடத்தில் அந்த வித்தி முளைக்காது. புளிப்பை அளக்கும் பீ.எச். கணக்கில் 4.6 என்பதே எல்லை. எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். 4.6க்குக் கீழே உள்ள பழத்தைச் சாதாரண கொதிநீர்ப் பானையில் பதப்படுத்தலாம். அதற்கு மேலே போனால் பானை போதாது.

அன்னாசி பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில் நிற்கும். கொடித்தோடையும் விளாம்பழமும் நல்ல புளிப்பு. ஆனால் பப்பாசி 5ஐயும் தாண்டிவிடும். வாழைப்பழமும் எல்லையை ஒட்டியோ மேலாகவோதான் இருக்கும். மாம்பழம் ஏமாற்றும் பழம்: காயாக இருக்கும்போது புளிப்பு, நன்றாகக் கனிந்தால் சில இனங்களில் எல்லையைத் தாண்டிவிடும். இவற்றுக்குத் தேசிக்காய்ப் புளியோ சிற்றிக் அமிலமோ சேர்ப்பார்கள். அந்த அளவைக் கண்ணாலும் நாக்காலும் தீர்மானிக்க முடியாது, மானியால் அளக்க வேண்டும். சீனி போட்டால் நாக்குக்குப் புளிப்பு மறையும், மானிக்கு மறையாது. நாக்கை நம்ப வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பலாக்காயும் பொலோஸும் டின்னில் வருகின்றனவே என்று கேட்பீர்கள். அவை ஆலைகளில் அழுத்த நீராவியில், 120 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் பதப்படுத்தப்படுபவை. வீட்டுக் குசினியில் பருப்பு அவிக்கும் பிரஷர் குக்கர் அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. காய்கறி, பலா, இறைச்சிக் கறி எதையும் புதியவர் போத்தலில் அடைக்கப் போக வேண்டாம்.

ஆகவே அன்னாசியில் தொடங்குங்கள். பத்துப் போத்தல் போதும். நன்கு முற்றி, ஆனால் இளகாத பழமாக எடுத்து, தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கித் துண்டாக்குங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 250 கிராம் சீனி என்ற கணக்கில் இலேசான பாணி காய்ச்சி, துண்டுகளை அதில் பத்து நிமிடம் மெல்லிய கொதியில் விடுங்கள். போத்தல்களைக் கழுவிச் சுடுநீரில் வைத்திருங்கள். சூடான பழத்தைக் குளிர்ந்த போத்தலில் இட்டால்தான் அந்த இளைஞர் பயந்தது நடக்கும். துண்டுகளை நிரப்பிப் பாணியை ஊற்றும்போது வாயிலிருந்து அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். ஓரமாக ஒரு மரக்குச்சியை விட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். போத்தலின் விளிம்பைச் சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே ஒரு நார் ஒட்டியிருந்தாலும் மூடி இறுகாது.

மூடியை மட்டும் பழையதாக எடுக்காதீர்கள். பழைய ஜாம் போத்தலைக் கழுவி மூடியையும் சேர்த்துப் பாவிப்பது நம் வீடுகளில் வழக்கம். ஊறுகாய் வைத்துத் தின்ன அது சரி. போத்தலில் கீறலோ வாயில் உடைவோ இல்லாவிட்டால் அதை மீண்டும் எடுக்கலாம். ஆனால் மூடியின் உள்ளே இருக்கும் மெழுகு போன்ற வளையம் ஒரு தடவை அமுங்கியபின் மறுபடி நம்பத்தக்கதல்ல. அதில் மிச்சம் பிடிக்கும் காசு வேறு வழியில் போய்விடும்.

பெரிய பானையின் அடியில் துணி விரித்து, போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டாமல் நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்குமளவு சுடுநீர் விடுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். அரை லீற்றர் போத்தலுக்குக் கரையோர ஊர்களில் 15 நிமிடம். உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் நேரம் கூட வேண்டும். கண்டிப் பக்கம் 20 நிமிடம். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிப்பதால் 25 நிமிடம். கொழும்பில் எழுதிய கணக்கை மலையில் அப்படியே பின்பற்றக் கூடாது. ஜாமிலும் இதே சங்கதிதான். கரையோரத்தில் 105 பாகையை ஜாமின் பதம் என்பார்கள். நுவரெலியாவில் 105 வரும்வரை காய்ச்சினால் கிடைப்பது டொஃபி. அங்கே தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தோடு நாலைந்து பாகையைக் கூட்டிக்கொண்டால் சரி. ஜாம் உறைய ஜெலட்டின் தேடுவோரும் உண்டு. அதன் மூலம் எது என்ற ஹலால் கேள்வி வேண்டியதில்லை, விளாம்பழத்திலும் கொய்யாவிலும் இயற்கையாகவே பெக்டின் இருக்கிறது.

எடுத்த போத்தல்களை மரப்பலகையில் துணி விரித்து வைத்து, மின்விசிறிக் காற்றுப் படாமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஆறும்போது மூடியின் நடு உள்ளே இழுபடும். விரலால் அமர்த்தும்போது 'டொக்' என்று எழுந்து விழும் மூடி இறுகாத மூடி. அந்தப் போத்தலைக் குளிரூட்டியில் வைத்து வீட்டார் உடனே சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.

இந்த முறையைத் தொடங்கியவர் விஞ்ஞானியல்லர், நிக்கொலா அப்பேர் என்ற பிரான்ஸ் தேசத்து இனிப்புத் தயாரிப்பாளர். 1810இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. கிருமிதான் உணவைக் கெடுக்கிறது என்று பாஸ்டர் விளக்க அதற்குப் பின் அரை நூற்றாண்டு சென்றது. காரணம் தெரியாமலே அவர் செய்ய முடிந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒழுங்கில் செய்து, முடிவைப் பார்த்து வைத்ததனால்தான்.

நாமும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நாள், எந்தத் தோட்டத்துப் பழம், எத்தனை போத்தல், எத்தனை நிமிடம் என்று எழுதி, அதே இலக்கத்தைப் போத்தலிலும் ஒட்டுங்கள். நாளை ஒருவர் கெட்டுப்போன போத்தலுடன் வந்தால் அதே பானையில் அவிந்த மற்றவற்றைக் கடையிலிருந்து எடுக்க இந்தக் கொப்பிதான் வழிகாட்டும். முதல் பத்துப் போத்தலை விற்காதீர்கள். மாதத்துக்கு ஒன்றாகப் பாருங்கள். மூடி உப்பியதையும், பாணி பொங்கி வழிவதையும், கலங்கியதையும் ருசி பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.

இனிக் கணக்கு. அன்னாசியில் தோலும் தண்டும் போக ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். பழம் நம் தோட்டத்தில் சும்மா கிடைத்தது என்று விலை போடாமல் விடுவது கணக்கல்ல. அடுத்த வருடம் பழம் வாங்கிச் செய்ய நேர்ந்தால் அந்த விலையில் நிற்க முடியாது. போத்தலும் மூடியும் பெரும்பாலும் பழத்தை விடக் கூடச் செலவு. எரிவாயு, லேபல், வீட்டுப் பெண்களின் உழைப்பு, கடைக்காரருக்கான கழிவு எல்லாவற்றையும் எழுதுங்கள். ராத்தாவும் தங்கச்சியும் இரண்டு நாள் வெட்டிக் கொடுத்ததற்குக் கூலி எழுதாத கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி வரும் இலாபம் அவர்களுடைய கூலிதான்.

விற்பனைக்குப் போகுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து இடத்தைக் காட்டுங்கள். அவரைக் கண்டு ஒளிவதால் ஆவது ஒன்றுமில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் சிறிய குசினிக்கும் பெரிய ஆலைக்கும் ஒன்றுதான். லேபலில் சேர்மானம், நிறை, உற்பத்தி மற்றும் காலாவதித் திகதிகள், முகவரி, தொகுதி இலக்கம் எல்லாம் வேண்டும். காலாவதித் திகதியை அடுத்த கடைப் போத்தலைப் பார்த்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது வாங்குபவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு, சோதிக்காமல் கொடுக்க முடியாது. ஒரு மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால் பீ.எச். பெறுமானமும் தெரிந்துவிடும்.

பழகிக்கொள்ள விரும்புவோர் பேராதனை, கன்னொறுவையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவிலும், அநுராதபுரத்தில் உள்ள அறுவடைக்குப் பின்னரான முகாமைத்துவ நிறுவனத்திலும் விசாரிக்கலாம். போகும்போது உங்கள் போத்தல் ஒன்றையும் கொப்பியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.