செய்வித்தலும் செய்தலே: நகை வணிகத்தில் செயற்கை நுண்ணறிவு
(சாவக ஒழுக்கப் பாடம்)

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள், வணிகம் செய்வோரை நாள்தோறும் உரைத்துப் பார்ப்பவை பொய்யாமையும் கள்ளாமையும் ஆகும். அவ்வணிகத்துள்ளும் பொன் வணிகத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. அரிசியை வாங்குவோர் கையில் அள்ளிப் பார்த்து அறியலாம். துணியை விரித்துப் பார்க்கலாம். பொன்னின் மாற்று, கல்லின் தன்மை, சேதாரக் கணக்கு ஆகியவற்றை வாங்குவோர் கண்ணால் அறிய இயலாது. விற்பவரின் சொல்லையே நம்ப வேண்டும். அச்சொல்லைக் கடைக்காரர் கூறிய காலம் போய், இன்று பல கடைகளில் கணிப்பொறி கூறத் தொடங்கியுள்ளது. அது பொய் கூறினால் பொய் கூறியவர் யார் என்பதே இப்பாடத்தின் வினா.

நம் சமுதாயத்தில் நகைக்கடை வைத்திருப்போர் சிலராக இருக்கலாம். ஆயினும் மென்பொருள் எழுதும் இளைஞர் இல்லாத ஊர் அரிது. திருமணத்திற்கு நகை வாங்காத குடும்பமும் அரிது. விற்பவர், கருவியைச் செய்பவர், வாங்குபவர் என்னும் மூவரையும் கருதியே இது எழுதப்படுகிறது.

1. கருவியின் இயல்பு

செயற்கை நுண்ணறிவு என்பது பல்லாயிரம் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பழக்கப்பட்ட கணிப்பொறி நிரலாகும். பழைய விற்பனைக் கணக்கைப் பார்த்து, ஆடி மாதத்தில் எவ்வகை நகை எத்தனை விற்கும் எனக் கணிக்கும். வாடிக்கையாளரின் முகப்படத்தின்மேல் தோட்டையும் அட்டிகையையும் பொருத்திக் காட்டும். இல்லாத நகைக்கும் இருப்பது போன்ற படம் வரைந்து தரும். கைப்பேசிக்கு வரும் கேள்விகளுக்கு இரவிலும் விடை எழுதும். அவ்விடை மெய்யா பொய்யா என்று அதற்குத் தெரியாது. பொருந்தக்கூடிய சொற்களை அடுத்தடுத்து வைப்பதே அதன் தொழில். ஆதலின் பொய்யையும் மெய்யைப் போலவே தடுமாற்றமின்றிச் சொல்லும்.

‘நுண்ணறிவு’ என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. குணம் இல்லாத பொருளுக்கும் வழங்கும் வசதிக்காகப் பெயரிடுவதை நம் ஆசாரியர்கள் நாம நிட்சேபம் என்பர். அறிதலும் காண்டலுமாகிய உபயோகமே உயிரின் இலக்கணம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் தெளிவு. அவ்வுபயோகம் கணிப்பொறிக்கு இல்லை, அது புத்கலம். சினமும் செருக்கும் மாயமும் உலோபமும் அதனிடம் இல்லை. ஆகவே அதனை வினை பற்றுவதில்லை.

2. வினை எவரைச் சாரும்?

கருவியை வினை பற்றாதெனின் அவ்வினை எங்குச் செல்லும்? இதற்கு விடை நம்மிடம் முன்னரே உள்ளது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும், தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை வருகிறது. கணிப்பொறியை ஏவி ஒரு செயலை முடிப்பது செய்வித்தல். அது செய்த தவற்றினால் வந்த ஊதியத்தை வாய் திறவாமல் பெட்டியில் வைப்பது உடன்படுதல். சமந்தபத்திர சுவாமிகள் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பொய்யாமை அணுவிரதத்தைக் கூறும்போது, தான் பொய் கூறாதிருத்தலோடு பிறரைக் கூறச் செய்யாதிருத்தலையும் சேர்த்தே கூறியுள்ளார்.

“இயந்திரம் அப்படிச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது” என்பாரும் உளர். ஐம்பெரும் பாவங்களுக்கும் அடிப்படை பிரமாதம், அதாவது விழிப்பின்மை. ஆராயாமல் ஒரு கருவியைக் கடைவாயிலில் நிறுத்துவதே விழிப்பின்மை அல்லவா?

உலகியல் நீதியும் இவ்வாறே தீர்ப்பளித்துள்ளது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் விடை கூறும் கணிப்பொறி, பாட்டியை இழந்த ஒருவர்க்குக் கட்டணச் சலுகை குறித்துத் தவறான செய்தி தந்தது. அதனை நம்பி அவர் முழுக் கட்டணம் செலுத்திப் பயணம் செய்தார். பின்னர் நிறுவனம் சலுகை தர மறுத்தது. அக்கணிப்பொறி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற வகையில் வழக்காடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் அவ்வாதத்தைத் தள்ளி, தன் தளத்தில் உள்ள எல்லாச் செய்திக்கும் நிறுவனமே பொறுப்பு எனக் கூறி இழப்பீடு வழங்கப் பணித்தது.

3. பொய்யாமையின் ஐந்து இறப்புகள்

விரதம் முற்றிலும் அழியாமல் வரம்பு கடந்து பழுதுபடுவதை வடமொழியில் அதிசாரம் என்பர்; அருங்கலச்செப்பு இறப்பு என்னும். தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து இறப்புகளை எண்ணிக் காட்டுகிறது. பொய்யாமைக்குரிய ஐந்தையும் இன்றைய நகைக்கடையில் வைத்துப் பார்ப்போம்.

(அ) பொய்யுபதேசம். தவறான வழி காட்டுதல். “இக்கல்லை எப்போது கொடுத்தாலும் முழு விலைக்கு எடுத்துக்கொள்வோம்” எனக் கடையின் கணிப்பொறி எழுதி, கடையின் விதி வேறாக இருப்பின் அது பொய்யுபதேசம். விலை, மாற்று, திரும்பப் பெறும் விதி ஆகியவற்றைப் பற்றிக் கணிப்பொறி தன் போக்கில் விடை எழுத விடலாகாது. கடைக்காரர் ஒப்பிய வாசகத்தை மட்டுமே அது எடுத்துத் தர வேண்டும். அதற்கு மேற்பட்ட கேள்வியை மனிதரிடம் அனுப்ப வேண்டும்.

(ஆ) மறைவை வெளியிடுதல். மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக ஒரு தாய் தன் வளையலை யாரும் அறியாமல் விற்கிறாள் எனக் கொள்வோம். அன்று மாலையே “பழைய நகையை எங்களிடம் விற்றமைக்கு நன்றி” என்ற குறுஞ்செய்தி, கணக்கில் பதிவாகியிருந்த குடும்பத்தாரின் கைப்பேசிக்குத் தானே செல்கிறது. எவரும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் ஒரு வீட்டின் மறைவு வெளிப்பட்டுவிட்டது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அச்சட்டத்திற்கு முன்பே நம் அறநூல் வகுத்த வேலி இது.

(இ) பொய்யோலை எழுதுதல். வாங்காதவர் பெயரால் புகழுரைகளைக் கணிப்பொறியைக் கொண்டு எழுதுவித்தலும், கடையில் இல்லாத நகையின் படத்தை இருப்பதாகக் காட்டுதலும் இதன்பாற்படும். புதிய வடிவைக் கற்பித்து வரைவது குற்றமன்று. “இது மாதிரிப் படம், செய்து தரப்படும்” என்று கீழே எழுதாமையே குற்றம்.

(ஈ) அடைக்கலப் பொருளைக் குறைத்தல். வைத்தவர் மறந்து குறைவாகக் கேட்க, “ஆம், அவ்வளவுதான்” என்று குறைத்துக் கொடுத்தலை நூல்கள் இவ்விறப்பாகக் காட்டும். இன்றைய நகைச் சேமிப்புத் திட்டங்கள் இவ்வகை அடைக்கலமே. 11 தவணை கட்டியவர் 10 என எண்ணி வந்தால், வாய் மூடியிருப்பது பழுது. இங்கே கணிப்பொறி நல்ல துணையாகும்; மறந்தவர்க்குத் தானே நினைவூட்டுமாறு அதனை அமைக்கலாம்.

(உ) குறிப்பறிந்து வெளியிடுதல். இது சாகார மந்திர பேதம் எனப்படும். ஒருவருடைய முகம், புருவம், உடலசைவு ஆகியவற்றால் அவர் உள்ளக் கருத்தை உணர்ந்து, அதனைத் தீய நோக்குடன் வெளிப்படுத்தல் என்று பூஜ்யபாத சுவாமிகள் தம் சர்வார்த்த சித்தியில் விளக்குகிறார். படிக்கும்போது, இது யாரோ ஒற்றர்க்குரிய குற்றம் எனத் தோன்றும். இன்றைய கருவிகளோ இத்தொழிலையே கற்றுவருகின்றன. எந்த நகையின்முன் எவ்வளவு நேரம் நின்றார், எத்தனை முறை திரும்ப வந்தார், எந்த விலையைக் கண்டு தயங்கினார் என்பவற்றைக் கோத்து அவர் மனத்தைக் கணிக்கலாம். திருமண நாள் நெருங்கிவிட்டது என அறிந்து தள்ளுபடியை மறைக்கலாம். மருத்துவச் செலவுக்காகப் பொன்னை விற்க வந்தவர் பேரம் பேச மாட்டார் எனக் கணித்து எடுக்கும் விலையைக் குறைக்கலாம். முகக்குறிப்பறிந்து உதவுதல் நல்ல வணிகரின் பண்பு. அவ்வறிவை அவர்க்கு எதிராகவே திருப்புதல் இறப்பு. இவ்விரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. நாம் கணித்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்ல இயலுமா? இயலாதெனின் அக்கணிப்பை விலையில் சேர்த்தலாகாது.

4. கள்ளாமையின் ஐந்து இறப்புகள்

திருட்டை ஏவுதல், திருட்டுப் பொருளை ஏற்றல், அரச முறை கடத்தல், அளவையில் கூட்டிக் குறைத்தல், போலியைக் கலந்து விற்றல் என்பன இவை. முதல் இரண்டும் பழைய நகை வாங்குவோர் நன்கறிந்தவை. விற்க வந்தவர் யார் என்று வினவும் கடமையைக் கருவியிடம் விட்டு விலக முடியாது. மற்ற மூன்றையும் சற்று விரித்துக் காண்போம்.

அரச முறை: இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் 23 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், அவ்விதிக்குட்பட்ட நகைகளில் ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனி அடையாளமும் இருத்தல் வேண்டும். வலைவழி விற்பனையில் வாங்குவோரை மயக்கும் 13 தந்திரங்களை நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்தது. “இன்னும் இரண்டே உள்ளன” என்று பொய்யாக அவசரப்படுத்துதல் அவற்றுள் ஒன்று.

அளவை: தராசு முத்திரையிடப்பட்டதாக இருந்தும் கணக்கு பழுதாகலாம். ஒரு பதக்கத்தின் மொத்த எடை 24 கிராம், அதிலுள்ள கற்கள் 3 கிராம் என்க. பொன் 21 கிராமே. சேதாரம் 10 விழுக்காடெனில் 2.1 கிராம் சேர்த்து 23.1 கிராமுக்கு விலை போட வேண்டும். கல்லைக் கழிக்காமல் நிரலை அமைத்துவிட்டால் 26.4 கிராமுக்கு விலை வரும். வேறுபாடு 3.3 கிராம். முன்னர் ஒரு கணக்கர் ஒரு நாள் செய்த பிழை ஒருவரைப் பாதித்தது. நிரலில் புகுந்த பிழையோ, திருத்தும் வரை எல்லா இரசீதிலும் தொடரும். ஆதலின் நாளுக்குச் சில இரசீதுகளையேனும் கையால் கணக்கிட்டுப் பார்த்தல் விரதத்தின் பகுதி எனக் கொள்க.

போலி: இவ்விறப்பை விளக்குமிடத்துப் பூஜ்யபாதர் செயற்கைப் பொன் முதலியவற்றால் வஞ்சித்து வணிகம் செய்தலையே எடுத்துக்காட்டாகத் தருவது நாம் கருதத்தக்கது. இன்று ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் கரிமமே. அதனை வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. ஆய்வக வைரமென்று சொல்லி விற்றல் நேர்மை. சொல்லாமல் விற்றல் போலி. பொன்னைச் சோதிக்கும் எக்ஸ் கதிர்க் கருவியும் மேற்பரப்பை ஒட்டிய பகுதியையே காண்கிறது. தடித்த முலாமிட்ட போலியின் உள்ளீட்டை அது காணாமல் விடலாம். கருவி காட்டிய எண்ணை அதன் எல்லையோடு சேர்த்துச் சொல்வதே மெய்.

5. கருவியை விலக்க வேண்டுமா?

வேண்டுவதில்லை. உரைகல்லும் தராசும் கருவிகளே. தேவையைச் சரியாகக் கணித்தால் விற்காத நகையைச் செய்து உருக்கும் வீண்செலவு குறையும். அடுப்புக்கு முன் அமரும் பொற்கொல்லரின் உழைப்பும் வீணாகாது. இருப்புக் கணக்கு நேரானால் பணியாளர்மீது வீண் ஐயம் எழாது. நீக்க வேண்டியது, “நான் செய்யவில்லை, அது செய்தது” என்னும் எண்ணத்தையே.

விற்பவர்க்கு: கணிப்பொறி பேசும் இடத்தில் அது கணிப்பொறி என்று எழுதி வைக்க. அதன் விடைகளை வாரம் ஒருமுறை படிக்க. அது தவறிழைத்தால் மிகையாகப் பெற்றதைத் திருப்பித் தருக.

நிரல் எழுதுவோர்க்கு: விற்பனையைப் பெருக்கு என்பது மட்டுமே கட்டளையாயின், அது செல்லும் வழியைக் கருவி ஆராயாது. எவ்வழி செல்லலாகாது என்பதையும் நீங்களே எழுத வேண்டும். எழுதாது விட்டதும் செய்வித்தலே.

வாங்குவோர்க்கு: இரசீதில் நிகர எடை, கல் எடை, சேதாரம், செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பெறுக. நகையிலுள்ள ஆறு எழுத்தெண்களைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்க. முகத்தில் நகை பொருத்திக் காட்டும் படம் ஆசையை வளர்க்கும். பொருள் வரைதல் விரதத்தில் தாம் வகுத்த அளவை வீட்டிலேயே முடிவு செய்தபின் கடைக்குச் செல்க.

குடும்பத்தோடு சிந்திக்க

1. மொழி, மெய் ஆகியவற்றால் மட்டுமன்றி, வாளாவிருந்தும் உடன்படும் இடங்கள் நம் தொழிலில் எவை?

2. குறிப்பறிந்து உதவுதலுக்கும், குறிப்பறிந்து வெளியிடுதலாகிய இறப்புக்கும் உள்ள வேறுபாட்டை நும் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. கணிப்பொறி நமக்கு நன்மையாகப் பிழை செய்து, வாடிக்கையாளர் அதனை அறியாராயின், நாம் எத்தனை நாளுக்குள் அவரைத் தேடிச் சொல்ல வேண்டும்?