பல் மருத்துவருக்குக் கழுத்து வலிப்பது ஏன்?

உங்கள் இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க அல்ல! கையைத் தோளுக்கு நேராக நீட்டி, புத்தகத்தை அசையாமல் பிடித்திருங்கள். முதல் நிமிடம் விளையாட்டாக இருக்கும். சற்று நேரத்தில் தோள் எரியும், கை நடுங்கும்.

அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது? விசை செயல்பட்டும் பொருள் நகராவிட்டால் வேலை ஏதும் நடைபெறவில்லை என்கிறது. வேலையே செய்யாத கை ஏன் வலிக்கிறது?

நடக்கும்போது கால் தசைகள் சுருங்கித் தளர்கின்றன. தளரும்போதெல்லாம் புது இரத்தம் உள்ளே பாய்கிறது. அசையாமல் பிடித்திருக்கும் தசையோ சுருங்கியபடியே இருந்து, தன்னுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது, கழிவுகள் தேங்குகின்றன. தசை இழைகள் மாறி மாறி இழுத்துக்கொண்டே இருப்பதால் ஆற்றலும் செலவாகிறது.

இனி பல் மருத்துவரைப் பார்ப்போம். அவர் கையில் இருப்பது சிறு கருவிதான். அவர் சுமப்பது தம் தலையை! வளர்ந்தவரின் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் இருக்கும். நிமிர்ந்திருந்தால் அது முதுகெலும்பின்மேல் அமர்ந்துகொள்ளும். குனிந்தால்? நெம்புகோலை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து முள்ளெலும்பு ஆதாரப்புள்ளி; தலை சுமை; பிடரித் தசை இழுக்கும் திறன். குனியக் குனியச் சுமையின் புயம் நீளுகிறது. தசையின் புயமோ மிகக் குட்டை. ஆகவே தசை பலமடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். 60 பாகை குனிந்தால் கழுத்து ஏறக்குறைய 27 கிலோகிராம் சுமையைத் தாங்க நேரும் என்று நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார்.

முன்பெல்லாம் பல் மருத்துவர்கள் நின்றே வேலை செய்தார்கள். 1958-இல் முழுவதும் சாயும் நாற்காலி வந்தது. நோயாளி படுத்தார், மருத்துவர் உட்கார்ந்தார். கால்கள் பிழைத்தன. ஆனால் வாய் அதே சின்ன வாய்தானே! கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்க்கும் கழுத்துக்கும் இடுப்புக்கும் விடுதலை கிடைக்கவில்லை.

சிறு கண்ணாடி ஒன்றை அவர் வாய்க்குள் விடுவதைக் கண்டிருப்பீர்கள். மேல்வரிசைப் பற்களைக் குனியாமல் பார்க்க அது உதவுகிறது. பிம்பம் இடம் மாறித் தெரிவதால் அதில் பார்த்துக்கொண்டே கருவியை நகர்த்தப் பழக நாளாகும். அந்தப் பொறுமை இல்லாமல் நேரே குனிந்து பார்க்கத் தொடங்கினால், அதுவே வழக்கமாகிவிடும்.

"தலையைச் சற்று இந்தப் பக்கம் திருப்பு" என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் திருப்புங்கள். இல்லாவிட்டால் அவர் கழுத்து வளைய வேண்டியிருக்கும்.